மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வெற்றிடம்

மெட்ராஸ்,
3 செப்டம்பர் 1979

அன்புள்ள சாமிக்கு,

இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே பதிவுத் தபாலில் ஒரு கனமான பொட்டலம் வரும். பயந்துவிட வேண்டாம். என் தீசிஸ். மொத்தமே மூன்று அத்தியாயம்தான். உண்மையில் மூன்றாவதுதான் தீசிஸ், முதல் இரண்டும் அதற்கு ஏறிப் போகிற பாதை.

டைப்பிஸ்ட் ஆங்கில வார்த்தைகளை மட்டும் அடித்துவிட்டு, குறியீடு வருகிற இடத்திலெல்லாம் காலியாக விட்டிருக்கிறார். அவருடைய மெஷினில் டெல்டாவும் இல்லை, எப்சிலானும் இல்லை. "அதெல்லாம் நீங்களே கையால போட்டுக்குங்கம்மா. என்னாண்ட இருக்கிறது வெறும் ஏ பி சி டி" என்று சொல்லிவிட்டார். என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். எம்.எஸ்சி. முதல் வருடம் என் எப்சிலானைப் பார்த்து, "இது இன்னா, கோழி கிளறினதா?" என்று கேட்டவர் நீங்கள்தான். ஆகவே தண்டனையும் உங்களுக்கே. என் கைப்பிரதியையும் சேர்த்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து இந்தியன் இங்க்கில் நிரப்புங்கள். அசலோடு மூன்று கார்பன் பிரதிகள் இருக்கின்றன. நான்கிலும் ஒரே கை இருக்க வேண்டுமாம்.

இங்கே வழக்கம்போலத்தான். காலையில் முதல் வருடப் பையன்களுக்கு டியூட்டோரியல், மத்தியானம் அவர்கள் நோட்டுகளைத் திருத்துவது, மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. உதவித்தொகை ஆராய்ச்சிக்கு என்று பெயர். வாங்குகிற வேலை எல்லாம் திருத்துகிற வேலை. பையன்களில் பாதிப் பேர் என்னைவிட உயரம். கரும்பலகையின் மேல் பாதி எனக்கு எட்டாது என்று தெரிந்துகொண்டு, கடைசி பெஞ்சிலிருந்து "மேடம், கொஞ்சம் மேல எழுதுங்க, தெரியல" என்கிறார்கள். நேற்று ஒருவனை எழுப்பி, "நீ வந்து மேல் பாதியை எழுது" என்று சாக்பீஸைக் கையில் கொடுத்தேன்.

டிசம்பருக்குள் தீசிஸைக் கொடுத்துவிடலாம் என்று என் கைடு ஒப்புக்கொண்டிருக்கிறார். கணியம்பாடியில் அப்பாவும் ஒருவழியாகத் தலையசைத்துவிட்டார். "மலை மேல போய் இன்னா பண்ணுவே?" என்று மட்டும் கேட்டார். கணக்குச் சொல்லிக் கொடுப்பேன் என்றேன். தையில் கல்யாணம். அதற்கு முன் கார்த்திகையில் புதுச் சாமை சமைக்கிற நாளுக்கு உங்கள் வீட்டுக்குக் கட்டாயம் வருவேன். போன வருடம் விடைத்தாள், அதற்கு முந்தின வருடம் தகுதித் தேர்வு. இந்த முறை எதுவும் குறுக்கே வராது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

கமலம்

*

புதூர்நாடு,
21 செப்டம்பர் 1979

கமலம்,

பொட்டலம் வந்து சேர்ந்தது. சின்னராசு ஜீப்பில் புளி மூட்டைக்கும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்திருக்கிறது உன் தீசிஸ். "வாத்தியாரே, இதுல இன்னா கீது, கல்லா?" என்று கேட்டான். ஆமாம், இனிமேல்தான் செதுக்க வேண்டும் என்றேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் அத்தியாயம் முடிந்தது. நான்கு பிரதியிலும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதால் ஒரு பக்கத்தை நான்கு முறை எழுதுகிறேன். அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "இன்னாடா இது, யாரோ எழுதின காகிதத்துல பொட்டு பொட்டா வெச்சிக்கினு குந்திக்கினு கீற?" என்றாள். கமலத்துடையது என்றேன். கிட்ட வந்து பார்த்தாள். "அந்தப் பொண்ணு அவ்ளோ எழுதிட்டு இதை மட்டும் உனுக்கு வுட்டு வெச்சிருக்குதா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நாளாயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி ராஜாக்கண்ணு மாமா போன வாரம் வந்தார். தன் மகள் சாந்தம்மாளை இனிமேல் கல்யாணம் செய்து கொடுக்காமல் வீட்டில் வைத்திருக்க முடியாதாம். அம்மா அவரிடம் என் எதிரிலேயே சொன்னாள்: "கார்த்திகை மொத வெள்ளி வரைக்கும் பொறு. அந்தக் கீழ்நாட்டுப் பொண்ணு வந்து புதுச் சாமையைக் குத்தி, அது கையால ஒலையில போட்டுச்சின்னா இந்த வூட்டுப் பொண்ணு. அப்புறம் எவனும் பேச முடியாது. வரலைன்னா நீ வெத்தலை எடுத்துக்கினு வா, நான் வாங்கிக்கிறேன்."

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். வீட்டுக்கு வரப்போகிறவள்தான் முதல் சாமையைப் போட வேண்டும். இரண்டு வருடமாக அம்மா தானே போட்டுக்கொண்டாள், உனக்காக. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் உன் பரீட்சையைப் பற்றி என்னைவிட நன்றாக விளக்கினாள். மூன்றாவது முறை அவளால் முடியாது.

நீ வந்துவிடுவாய். அதனால் இதைப் பயமில்லாமல் எழுதுகிறேன்.

சாமி

*

மெட்ராஸ்,
14 அக்டோபர் 1979

அன்புள்ள சாமிக்கு,

விடைத்தாள் குவியலுக்கு நடுவில் எழுதுகிறேன். என் அறைத்தோழி சலீமா, "உங்க ஆளுக்கு எழுதுறப்ப மட்டும் உங்க கையெழுத்து நல்லாருக்குது" என்கிறாள். வாணியம்பாடியிலிருந்து அவளுக்கு வந்த பிரியாணியை ஹாஸ்டலே சாப்பிட்டது. நான் கொஞ்சம் தாமதம், எனக்கு வாசனை மட்டும்தான்.

இந்த முறை பையன்கள் அத்தனை பேரும் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள். நீங்களும் நானும் முதல் வருடத்தில் செய்த அதே தப்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக ஓர் எண் கிடைக்கிறது என்று நிரூபிக்கிறார்கள். அடுத்த வரியிலேயே எல்லாப் புள்ளிக்கும் பொதுவாக ஒரே எண் கிடைத்துவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். சிவப்பு மையில் வட்டம் போட்டுப் போட்டு விரல் வலிக்கிறது. சுப்பிரமணி என்று ஒருவன், மதிப்பெண் கேட்டு அறைக்கே வந்துவிட்டான். "ஒரு வரிதானே மேடம்?" என்றான். அந்த ஒரு வரி விழுந்தால் மற்றதெல்லாம் விழும் என்றேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

எல்லோரும் படுத்த பிறகு நாவல் படிக்கிறேன். கதையில் யாராவது மலைப்பாதையில் ஏறினால் அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

கார்த்திகை முதல் வெள்ளி, நவம்பர் 23. லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் அத்தியாயம் எப்படிப் போகிறது?

கமலம்

*

புதூர்நாடு,
4 நவம்பர் 1979

கமலம்,

இதை எழுதாமல் கொஞ்ச நாள் தள்ளிப் போட்டேன்.

முதல் இரண்டு அத்தியாயமும் முடித்து, மூன்றாவதோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். மூன்றாவதில் ஒரே ஒரு வரி தவிர எல்லாம் எழுதிவிட்டேன். துணைத்தேற்றத்தில், எல்லையையும் தொகையையும் இடம் மாற்றுகிறாயே, அந்த வரி. நான்கு பிரதியிலும் அதைக் காலியாக விட்டிருக்கிறேன். பேனாவை வைத்தேன், எழுத வரவில்லை.

அதற்கு மேல் வரியில் நீ காட்டுவது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் இருக்கிறது என்பதைத்தான். கீழ் வரிக்கு எல்லாப் புள்ளிக்கும் ஒரே எண் வேண்டும். அது எங்கிருந்து வந்தது? பக்கத்தை முன்னும் பின்னும் தேடினேன். உன் கைப்பிரதியில் தேடினேன். இல்லை. எங்கள் பக்கத்துக் குக்கிராமங்களில் எந்த வீட்டைக் கேட்டாலும் தண்ணீருக்கு ஓர் ஊற்று உண்டு. அதற்காக எல்லா வீட்டுக்கும் ஒரே ஊற்று இருக்கிறது என்று சொல்ல முடியுமா? எல்லை ஓரத்தை நெருங்க நெருங்க உன் எண் வளர்ந்துகொண்டே போகிறது. நான் போட்டுப் பார்த்த எடுத்துக்காட்டை இன்னொரு தாளில் வைத்திருக்கிறேன்.

என் தப்பாக இருக்கலாம். நான் பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு மேல் பேச ஆளில்லாமல் இருக்கிறவன். நீ பார்த்து, "சாமி, உங்களுக்கு மண்டை துருப்பிடித்துவிட்டது" என்று எழுதித் திருப்பி அனுப்பினால் அந்த வரியை அன்றைக்கே நிரப்பிவிடுவேன்.

சரியாக இருந்தால் டிசம்பருக்குள் கொடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தள்ளிப் போட்டேன். ஆனால் தீசிஸ் எப்படியானாலும் நீ 23-ம் தேதி வா. அது வேறு, இது வேறு. அம்மா உரலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

சாமி

*

மெட்ராஸ்,
12 நவம்பர் 1979

திரு. கோபால்சாமி அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் மூன்றாம் அத்தியாயமும் கிடைத்தன.

அந்தத் துணைத்தேற்றத்தை என் கைடு பார்த்திருக்கிறார். துறையின் கருத்தரங்கில் நான் அதைச் சொல்லி, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான்கு வருடம் நான் உட்கார்ந்த இடத்தில் நீங்கள் ஒரு சாயங்காலம் உட்கார்ந்துவிட்டு ஊற்று, வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். அது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கலாம்.

உங்களிடம் நான் கேட்டது குறியீடுகளை எழுதித் தரச் சொல்லி மட்டும்தான். ஒரு வரியை நிரப்பக்கூட மனம் வரவில்லை. ஏன் என்று யோசித்தேன். யோசித்ததை எழுதிவிடுகிறேன். ஃபெலோஷிப் நேர்முகத்துக்கு நாம் இரண்டு பேரும் போனோம். எனக்குக் கிடைத்தது. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் நீங்கள் எனக்கு வாங்கிக் கொடுத்த காப்பியை நான் சந்தோஷம் என்று நினைத்துக் குடித்தேன். இத்தனை நாள் கழித்து அதன் ருசி இப்போதுதான் தெரிகிறது.

நான் தோற்றுத் திரும்பி வந்தால்தான் உங்கள் வீட்டுக்குப் பொருத்தமாக இருப்பேன் போலிருக்கிறது. புதுச் சாமைக்கு நான் வரவில்லை. லீவை ரத்து செய்துவிட்டேன். அம்மாவிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

செங்கமலம்

*

மெட்ராஸ்,
27 நவம்பர் 1979

சாமி,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நேற்று டியூட்டோரியலில் அந்தச் சுப்பிரமணி எழுந்து நின்றான். "மேடம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் இருந்தா, எல்லாத்துக்கும் ஒண்ணு ஏன் இருக்கக் கூடாது?" என்று கேட்டான். மார்க் குறைத்த கோபம் அவனுக்கு இன்னும் தீரவில்லை. நான் பலகையில் வழக்கமான எடுத்துக்காட்டை எழுதினேன். ஓரத்தை நெருங்க நெருங்க எண் எப்படி எகிறுகிறது என்று காட்டிக்கொண்டே போனேன். பாதியில் கை நின்றுவிட்டது. பலகையில் இருந்தது நீங்கள் கடிதத்தில் எழுதியது. அதே ஓரம். அதே எண். நீங்கள் அனுப்பிய தனித்தாளை நான் அதுவரை பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை சாமி. வெற்றிடத்தைப் பார்த்த கோபத்தில் உறையிலேயே விட்டுவிட்டேன்.

"மேடம் மாட்டிக்கினாங்கடா" என்று யாரோ மெதுவாகச் சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்ததாகச் சலீமாவிடம் சொன்னேன். சிரித்தேனா என்று தெரியாது.

நீங்கள் சொன்னது சரி. அந்த வரி இல்லை. அது இல்லாமல் அத்தியாயம் இல்லை. கைடிடம் போய்ச் சொன்னேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நானும் பார்க்கலையேம்மா" என்றார். எத்தனை விடைத்தாளில் இதே இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். என் தாளில் மட்டும் அதைப் படித்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன், அங்கே பாலம் இருக்கிறது என்று.

இது தீசிஸைப் பற்றிய கடிதம் இல்லை. காப்பியைப் பற்றி எழுதினேனே, அதைக் கிழித்துவிடுங்கள். அன்றைக்கு அது நல்ல காப்பி.

வெள்ளிக்கிழமை போய்விட்டது என்று தெரியும். டிசம்பர் 8 சனிக்கிழமை திருப்பத்தூரில் இறங்கி, ஜீப் இருந்தால் ஜீப், இல்லாவிட்டால் நடந்து வருகிறேன். அம்மா காலில் விழுகிறேன். பரீட்சை என்றோ விடைத்தாள் என்றோ ஒன்றும் சொல்ல மாட்டேன். ஒரு பிடி சாமை குத்தாமல் எனக்காக எடுத்து வைத்திருப்பார்களா? கேட்டுச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் வருவேன்.

கமலம்

*

புதூர்நாடு,
2 டிசம்பர் 1979

அன்புள்ள கமலத்துக்கு,

நீங்கள் 8-ம் தேதி வர வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா உரலை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வருமாடா?" என்று கேட்டாள். உங்கள் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. "வராது" என்றேன். "மழைக்கு வண்டி இல்லியா?" என்று மட்டும் கேட்டாள், நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று. நான் சொல்லவில்லை. அன்று மழையே இல்லை.

மத்தியானம் ராஜாக்கண்ணு மாமா வெற்றிலையோடு வந்தார். நான்கு ஊர்க்காரர்கள் முன்னிலையில் அம்மா வாங்கிக்கொண்டாள். நானும் கையை நீட்டினேன். யாரும் என் கையைப் பிடித்து நீட்டவில்லை. சாந்தம்மாள் சாமையைக் குத்திப் புடைத்து உலையில் போட்டாள். எங்கள் வழக்கப்படி அன்றிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறாள். நீங்கள் கேட்ட ஒரு பிடி அதோடு போயிற்று.

உங்கள் இரண்டாவது கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு, சாந்தம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மறைப்பது தப்பு என்று நினைத்தேன். சொல்லும்போது அவளே விட்டுவிடுவாள் என்று உள்ளே ஓர் ஆசையும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் கேழ்வரகு கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பை நிறுத்தாமல் சொன்னாள்: "அந்தக்கா வந்தா நான் போய்ட்றேன். ஆனா எங்க போறது மாமா? ஒலையில சாமையைப் போட்டுட்டுத் திரும்பி வந்தவன்னு எங்க ஊர்ல எந்த வூட்ல என்ன வுடுவாங்க? நீயே ஒரு வூடு சொல்லு."

என்னால் ஒரு வீடும் சொல்ல முடியவில்லை.

நீங்கள் எழுதியதில் பாதி நிஜம். அந்த வரியில் தப்பைக் கண்டுபிடித்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம். வீட்டு வாசலில் தனியாக எழுந்து நின்றேன், யாரிடமாவது சொல்ல வேண்டும் போல. அப்புறம்தான் அது யாருடைய வரி என்று உறைத்தது. உங்கள் கடிதம் வந்தபோது, அந்த ஒரு நிமிஷத்தை நீங்கள் அங்கிருந்தே பார்த்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் பதில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். வெள்ளிக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு தந்தி போதும். திருப்பத்தூர் வரை இறங்கிப் போனேன், தந்தி ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டு ஏறி வந்துவிட்டேன். இதற்கு உங்கள் மேல் குற்றமில்லை.

ஓரத்தை விட்டுவிட்டு உள்ளே மட்டும் நிரூபித்தால் போதுமா என்று பாருங்கள். தேற்றம் சிறிதாகும். ஆனால் நிற்கும்.

கோபால்சாமி

*

மெட்ராஸ்,
19 ஜூன் 1981

அன்புள்ள கோபால்சாமிக்கு,

பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. நேற்று என் வைவா முடிந்தது. இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள் என்பதால் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் சொன்னபடிதான். ஓரத்தை விட்டுவிட்டேன். அதை விடுவதற்கே ஒன்றரை வருடம் ஆயிற்று. பெரிதாக ஆரம்பித்த தேற்றம் சிறிதாகிவிட்டது, நிற்கிறது. முன்னுரையில் நன்றி சொல்லும் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. என் தப்பைக் கண்டுபிடித்தவர் என்றே எழுதினேன். "இப்படி யாரும் எழுத மாட்டாங்கம்மா" என்றார் கைடு. இருக்கட்டும் சார் என்றேன்.

சலீமா படிப்பை முடித்து வாணியம்பாடிக்குப் போய்விட்டாள். போகும்போது, "நீங்க அன்னிக்கு நடந்தே போயிருக்கலாம்" என்றாள். அந்த 8-ம் தேதி நான் திருப்பத்தூர் வரை வந்தேன் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் வந்தேன். சின்னராசு ஜீப் நின்றிருந்தது. "அம்மா, மேல வர்றீங்களா? ஒரு சீட்டு கீது" என்று கூப்பிட்டார். ஜீப்பில் இடம் இருந்தது. இல்லை, வேறு வேலையாக வந்தேன் என்றேன். சாந்தம்மாள் கேட்ட கேள்விக்கு எனக்கும் ஒரு வீடு தெரியவில்லை. அவரை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

முதல் இரண்டு அத்தியாயங்களை மாற்றவில்லை, நீங்கள் எழுதியபடியே பைண்ட் செய்துவிட்டேன். மூன்றாவதை முழுக்கத் திரும்ப டைப் அடிக்க வேண்டியிருந்தது. வெற்றிடங்களோடு அந்தப் பக்கங்கள் என் மேஜையில் வெகுநாள் கிடந்தன. துறையில் அழகாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் செய்திருப்பார்கள். நான் யாரிடமும் கேட்கவில்லை. உட்கார்ந்து நானே எழுதினேன். நான்கு பிரதியிலும்.

வைவாவில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் துணைத்தேற்றத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் தீசிஸை மூடப்போனவர் திரும்பவும் புரட்டிப் பார்த்தார்.

"முதல் ரெண்டு அத்தியாயமும் அச்சடிச்ச மாதிரி இருக்கு. மூணாவது மட்டும் ஏம்மா இப்படி?"

"அது மட்டும் நான் எழுதினது, சார்" என்றேன்.

செங்கமலம்